பெட்டிக்கடையிலிருந்து ஏலக்கூடம் வரை: பழைய விளையாட்டு அட்டைகளும் சிற்றூர்ச் சேகரிப்பாளரின் கைப்பணமும்

1. கேள்வி

பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்துகொண்டு பழைய விளையாட்டு அட்டைகளைச் சேகரிக்க முடியுமா? சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, வாணியாறு அணையை ஒட்டிய பேரூராட்சி அது. வட்டத்தின் தலைமையிடமும் அதுவே. ரயில் ஏறப் பொம்மிடிக்குப் போக வேண்டும். பெரிய கடைவீதி என்றால் அரூர். அங்கும் கிடைக்காதது தருமபுரியிலோ சேலத்திலோ கிடைக்கும். மரவள்ளியும் மஞ்சளும் விளையும் இந்தப் பக்கத்தில் பழைய அட்டைக்கென ஒரு கடையோ ஏலமோ விலைப்பட்டியலோ இல்லை.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி மேலைநாடுகளில் எழுதப்படும் கையேடுகள் வரவுசெலவை மூன்று படிகளாகப் பிரிப்பது வழக்கம். பணம் நிறைய இருந்தால் பெயர்பெற்ற ஒற்றை அட்டை, நடுத்தரமாக இருந்தால் ஒரு முழு வரிசை, குறைவாக இருந்தால் மூலை மழுங்கிய, மடிப்பு விழுந்த மலிவு அட்டை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று படிகளுக்கும் அடியில் ஒரு சந்தை இருக்கிறது என்று அந்த அறிவுரை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. சந்தையே இல்லாத ஊரில் குறைந்த பணம் எதை வாங்கும், எதைச் செய்யும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சிற்றூரில் இருப்பவர் உலகச் சந்தையின் கடைசிப் படியில் போய் நிற்க வேண்டியதில்லை. வேறொரு வாசல் வழியாக அவர் முதல் ஆளாகவே நுழையலாம் என்று கருதுகிறேன். அதற்கான ஆதாரங்களை இங்கே எடைபோடுகிறேன்.

2. விலை எங்கிருந்து வருகிறது

அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மான்டிலின் 1952ஆம் ஆண்டு டாப்ஸ் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட்டோடு கொடுத்த வரிசையில் வரும் ஹோனஸ் வாக்னர் அட்டையும் பல லட்சம் டாலரைத் தாண்டி விற்றிருக்கிறது. செய்தித்தாள்கள் இந்தத் தொகைகளைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டுக் காரணத்தை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன: பழையது, அரிது. இரண்டுமே முழுக் காரணம் ஆகாது.

வாக்னர் அட்டை அரிதானது, அவர் தம் படத்தைப் பயன்படுத்த ஒப்பாததால் அச்சு சீக்கிரமே நின்றுபோனதால்தான். புகையிலையை அவர் வெறுத்தார் என்கிறது ஒரு தரப்பு. பணம் தராததே காரணம் என்கிறது மறு தரப்பு. மான்டில் அட்டை வந்த வரிசையில் விற்காமல் தேங்கியவற்றை 1960 வாக்கில் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். ஒன்றில் அச்சு நின்றதும் மற்றதில் அழிவும் விலையை உண்டாக்கின.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 1980களின் கடைசியில் அட்டைக்கு விலை ஏறும் என்று அமெரிக்காவே நம்பியது. கம்பெனிகள் கோடிக்கணக்கில் அச்சடித்தன; வாங்கியவர்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அரிதாகவில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விலை இல்லை. ஆகவே ஒரு அட்டையின் வயதைவிட, அதை எத்தனை பேர் குப்பை என்று நினைத்தார்கள் என்பதே அதன் பிற்கால மதிப்பைத் தீர்மானிக்கிறது.

மைக்கேல் தாம்ப்சன் 1979இல் வெளியிட்ட குப்பைக் கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. புழக்கத்தில் இருக்கும் பொருள் நாளடைவில் மதிப்பிழந்து குப்பையாகிறது. அந்தக் குப்பைக் கட்டத்தைத் தாண்டித் தப்பிய சில மட்டும் நிலைத்த மதிப்புள்ள பொருள்களாகின்றன. புழக்கத்திலிருந்து நேராக நிலைத்த மதிப்புக்கு எதுவும் தாவுவதில்லை; நடுவில் குப்பைமேடு இருக்கிறது. பணம் குறைந்த சேகரிப்பாளருக்கு இதில் ஒரு செய்தி உண்டு. அவர் நுழையக்கூடிய காலம் அந்த நடுக்கட்டம் ஒன்றுதான்.

3. சிகரெட் பெட்டியில் வந்த கிரிக்கெட்

கிரிக்கெட் அட்டையின் வரலாற்றில் வில்ஸ் கம்பெனி 1896இல் வெளியிட்ட ஐம்பது வீரர்களின் வரிசை ஒரு முதன்மையான இடம் பெறுகிறது. டபிள்யூ. ஜி. கிரேஸ் அதில் இருக்கிறார். அதே ஆண்டில் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடிய ரஞ்சித்சிங்ஜியும் இருக்கிறார். பெட்டி நசுங்காமலிருக்க வைத்த தடித்த தாளில் படம் போட்டால் வாடிக்கையாளர் அடுத்த பெட்டியையும் வாங்குவார் என்பதே கணக்கு. இரண்டாம் உலகப் போரின் தாள் பஞ்சத்தால் 1940இல் பிரிட்டனில் இந்த வழக்கம் நின்றது.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தமிழ்நாட்டில் பல தலைமுறைகள் அறிந்த சிசர்ஸ் சிகரெட் வில்ஸ் கம்பெனியின் பெயரில் வந்தது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் இந்தியாவில் விற்ற சிசர்ஸ் பெட்டிகளிலும் அட்டைகள் இருந்தன. கால்பந்துச் சங்கங்களின் வண்ணங்கள், குதிரைப் பந்தயம் என விளையாட்டு சார்ந்த வரிசைகளும் அவற்றில் அடக்கம். குறி வைத்தது இங்கிருந்த பிரிட்டிஷ் படைவீரர்களை.

வரவுசெலவுக் கணக்கில் இந்தப் பகுதி பலரும் நினைப்பதைவிட எளிது. 1896 வரிசையில் ஓர் அட்டைக்கே கனமான தொகை வேண்டும். ஆனால் பிளேயர்ஸ் கம்பெனி 1930களில் வெளியிட்ட கிரிக்கெட் வரிசைகள் ஏராளமாக அச்சானவை. ஐம்பது அட்டைகள் கொண்ட முழு வரிசையே பிரிட்டனில் சில பத்து பவுண்டுகளுக்குக் கிடைக்கிறது. தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்தாலும் சம்பளக்காரர் ஒருவர் ஒரு மாதத்தில் தாங்கக்கூடிய செலவுதான். பழைய வரிசைகளுக்கு மறுஅச்சும் உண்டு. அட்டையின் பின்பக்கத்தை முதலில் படிக்க வேண்டும். மறுஅச்சு என்று சில நேரம் அங்கேயே போட்டிருக்கும். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். இக்கால நான்கு வண்ண அச்சில் புள்ளிகள் ஒழுங்கான பூக்கோலமாக அமையும். பழைய கல்லச்சில் அந்த ஒழுங்கு இராது.

இருந்தும் ஒரு சிற்றூர்ச் சேகரிப்பாளருக்கு இதை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த அட்டைகளை அறிந்தவர்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பட்டியல்கள் எப்போதோ முழுமை பெற்றுவிட்டன. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வாங்குகிறவர் அந்த அறிவோடு கூட்டுவதற்கு எதுவும் இல்லை. அவர் அங்கே வெறும் வாடிக்கையாளர்.

4. பெட்டிக்கடை அட்டைகள்

இங்கே வளர்ந்தவர்கள் தொட்டு விளையாடிய அட்டை வேறு. 1980களின் இறுதியிலும் 90களிலும் பிக் ஃபன் பபுள்கத்தோடு கிரிக்கெட் வீரர் படம் போட்ட சிறு அட்டை வந்தது. பின்பக்கம் ஓட்டமோ விக்கெட்டோ அச்சாகியிருக்கும். குறிப்பிட்ட அளவு சேர்த்துக் கொடுத்தால் பரிசு. பிரிட்டானியா பிஸ்கட் 1999 உலகக் கோப்பையின்போது உறைகளில் ஓட்டம் அச்சடித்து அதே முறையைப் பெரிய அளவில் நடத்தியது. ட்ரம்ப் கார்டு தனி வகை. பிரிட்டனில் 1970களின் இறுதியில் டாப் ட்ரம்ப்ஸ் என்று புகழ்பெற்ற ஆட்டத்தின் வழியில் வந்தது அது. இங்கே கிரிக்கெட்டும் அமெரிக்க மல்யுத்தமும் அதை ஆண்டன.

ஆட்ட முறை தெரியாமல் இந்த அட்டையின் நிலைமையைப் புரிந்துகொள்ள முடியாது. கட்டைப் பிரித்து ஆளுக்குப் பாதி. ஒருவன் தன் மேல் அட்டையைப் பார்த்து ஒரு தலைப்பைச் சொல்வான்: ஆடிய ஆட்டம், எடுத்த ஓட்டம், அதிகபட்ச ஓட்டம், மல்யுத்தம் என்றால் எடை, உயரம், மார்பளவு, தரவரிசை. எண் பெரிதாக இருப்பவனுக்கு எதிராளியின் அட்டை போய்ச் சேரும். தரவரிசையில் மட்டும் சின்ன எண்ணுக்கு வெற்றி. சாயங்காலம் முழுக்க இப்படிக் கைமாறும் அட்டை கால்சட்டைப் பையில் வியர்வையில் நனையும், ரப்பர் பேண்டில் நெளியும், மூலை பூத்துப் போகும். பரீட்சை வந்தால் வாத்தியார் கைக்கும் போகும்.

இவற்றில் பலவற்றின் மீது ஆண்டு இல்லை. அச்சகத்தின் பெயர் இல்லாத கட்டுகளும் நிறைய. வீரரிடமோ படம் எடுத்தவரிடமோ அனுமதி பெற்றதற்கான குறிப்பும் இல்லை. விற்பனைக்காக வந்து, விளையாடித் தேய்ந்து, வீடு வெள்ளையடிக்கும் நாளில் பழைய பேப்பர் கடைக்குப் போனவை. தாம்ப்சன் சொல்லும் நடுக்கட்டத்தில் இப்போது சரியாக நிற்பவை இவைதான். அமெரிக்காவில் அச்சும் மிகுதி, பாதுகாப்பும் மிகுதி. இங்கே அச்சு மிகுதி, பாதுகாப்பு மிகக் குறைவு.

5. தேதியில்லாத அட்டைக்குத் தேதி காண்பது

ஆண்டு போடாத ட்ரம்ப் கார்டைக் காலவரிசையில் வைக்க முடியாது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முடியும், சான்று அட்டையிலேயே இருக்கிறது. சோழர் கல்வெட்டின் மெய்க்கீர்த்தியில் எந்தெந்த வெற்றிகள் சொல்லப்படுகின்றன என்று பார்த்து அது எந்த ஆட்சியாண்டுக்குப் பிற்பட்டது என்று கல்வெட்டறிஞர்கள் முடிவு செய்வதைப் போன்ற வேலை இது.

சச்சின் டெண்டுல்கரின் அட்டையை எடுத்துக்கொள்வோம். ஒருநாள் போட்டியில் அவர் முதல் சதம் அடித்தது 1994 செப்டம்பர் 9 அன்று, கொழும்பில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. அட்டையில் ஒருநாள் சதம் சுழியம் என்றிருந்தால் அதன் புள்ளிவிவரம் அந்த நாளுக்கு முந்தையது. அதிகபட்ச ஓட்டம் 137 என்றிருந்தால் 1996 உலகக் கோப்பையில் டெல்லியில் இலங்கைக்கு எதிராக ஆடிய மார்ச் 2ஆம் தேதிக்குப் பிந்தையது. 143 என்றிருந்தால் ஷார்ஜாவில் 1998 ஏப்ரல் 22க்குப் பிறகு. 1999 நவம்பரில் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 186 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றதும் அந்த எண் மாறிவிடுகிறது. அனில் கும்ப்ளே அட்டையில் சிறந்த பந்துவீச்சு 74க்கு 10 என்று கண்டால் 1999 பிப்ரவரி டெல்லி டெஸ்ட் முடிந்துவிட்டது என்று பொருள். கபில் தேவின் டெஸ்ட் விக்கெட் 434 என்றால் அவர் ஆட்டம் 1994இல் நிறைவடைந்துவிட்டது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. எண் சொல்வது புள்ளிவிவரம் எடுத்த காலத்தை. அச்சான காலத்தை அல்ல. பழைய கட்டைப் பார்த்து அப்படியே மறுபடி அச்சடித்தவர்கள் எண்ணைத் திருத்த மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். ஆகவே கிடைப்பது பெரும்பாலும் கீழ் எல்லை மட்டுமே: இதற்கு முன் அச்சாகியிருக்க முடியாது என்று துணிந்து சொல்லலாம், இதற்குப் பின் இல்லை என்று சொல்ல முடியாது. ஒற்றை அட்டையை நம்பாமல் கட்டு முழுவதையும் பார்த்து, அவற்றில் மிகப் பிந்தைய நிகழ்ச்சி எதுவோ அதை எல்லையாகக் கொள்வது பாதுகாப்பானது. மல்யுத்தக் கட்டுகளுக்கும் ஒரு குறிப்பு உண்டு. டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற பெயர் 2002 மே மாதம் டபிள்யூ.டபிள்யூ.இ என்று மாறியது. புதிய பெயர் இருந்தால் அதற்குப் பிந்தையது என்பது உறுதி. பழைய பெயர் இருந்தால், அனுமதியில்லா அச்சில் அது எதையும் உறுதிசெய்வதில்லை.

இந்த வேலைக்குத் தேவை ஒரு நோட்டுப் புத்தகம், போட்டி விவரங்கள், பொறுமை. பணம் மிகுந்தவருக்கு இதில் எந்த முன்னுரிமையும் கிடையாது.

6. தரமும் தழும்பும்

உலகச் சந்தையில் ஒரு அட்டையின் விலை அதன் தரமதிப்பீட்டு எண்ணோடு கட்டுண்டது. 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் மையத்தில் விழுந்திருக்கிறதா என்பவற்றைப் பார்த்து பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டுப் பிளாஸ்டிக் பேழையில் அடைக்கின்றன. போலிகள் நிறைந்த சந்தையில் முன்பின் அறியாத இருவர் வாங்கி விற்க இது உதவுகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் அட்டையை அமெரிக்காவுக்கு அனுப்பித் திரும்பப் பெற ஆயிரக்கணக்கில் செலவாகும்போது, நூறு ரூபாய்க்கும் போகாத ட்ரம்ப் கார்டுக்கு அது பொருளற்றது.

செலவைவிட ஆழமான சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. தொடப்படாத அட்டைக்கே அங்கு முழு மதிப்பெண். நம் அட்டைகளில் தொடப்படாதது என்றால் விற்காத அட்டை. பின்பக்கம் பேனாவால் எழுதிய பெயர், வகுப்பு, பிரிவு. கிழிந்த இடத்தில் ஒட்டிய சோற்றுப் பசை. தொலைந்த அட்டைக்குப் பதிலாக நோட்டு அட்டையை வெட்டிக் கையால் எண் எழுதிச் சேர்த்த மாற்று. இவை எல்லாம் அந்த அளவுகோலில் குறைகள். ஆய்வாளருக்கோ ஒரு ஊரில் ஒரு காலத்தில் அந்தப் பொருள் எப்படிப் புழங்கியது என்பதற்கு எஞ்சியிருக்கும் நேரடிச் சாட்சியங்கள். யாருடைய வீட்டுப் பரணில், எந்த ஊரில், என்னென்ன பொருள்களோடு கிடைத்தது என்ற குறிப்பு ஒரு மதிப்பெண்ணைவிட அதிகம் சொல்லும். எடுத்த அன்றே எழுதாவிட்டால் அந்தக் குறிப்பைப் பிறகு எந்த விலைக்கும் வாங்க முடியாது.

தழும்பை மதிப்பது வேறு, அழிய விடுவது வேறு. ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையின் கீழும் கோடை வெப்பத்தில் தாள் உலர்ந்து நெளிகிறது. ஐப்பசி ஈரத்தில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. கரையானும் இராமபாணமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ரப்பர் பேண்டை உடனே கழற்ற வேண்டும். இளகி ஒட்டி நிரந்தரக் கறையை விட்டுவிடும். மலிவான பி.வி.சி. உறை நாளடைவில் தாளைக் கெடுக்கும். பாலிப்ராப்பிலீன் உறை நல்லது, விலையும் அதிகமில்லை. எல்லாவற்றையும்விட மோசமானது ஜெராக்ஸ் கடை லேமினேஷன். பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் நம் ஊர்களில் பள்ளிச் சான்றிதழ் முதல் பழைய புகைப்படம் வரை இந்தச் சூட்டுப் பசைக்குள் தள்ளிவிடுகிறார்கள். அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. பழைய தாள் எதற்கும் அது முடிவு.

7. இரண்டு சேகரிப்பாளர்கள்

பணத்துக்கும் பங்களிப்புக்கும் உள்ள உறவை எடைபோட இரண்டு வாழ்க்கைகளை அருகருகே வைக்கலாம். எட்வர்ட் வார்ட்டன்-டைகர் சுரங்கத் தொழிலில் உயர்பதவி வகித்த பிரிட்டிஷ்காரர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிகரெட், வணிக அட்டைகளைச் சேர்த்தார்; 1995இல் அவர் இறந்தபின் அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. ஜெபர்சன் பர்டிக் நியூயார்க் மாநிலத்தின் சைரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குறைந்த வருமானம், மூட்டுவாதம், மணமாகாத தனி வாழ்வு. அவர் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவை மூன்று லட்சத்துக்கு மேல். 1963இல் இறப்பதற்குச் சற்று முன்புவரை அங்கேயே உட்கார்ந்து அவற்றைத் தொகுப்பேடுகளில் ஒட்டிக்கொண்டிருந்தார். இன்று ஏலக்கூடங்களில் வாக்னர் அட்டையின் வரிசையை டி206 என்று அழைக்கிறார்கள். அந்தக் குறியீடு பர்டிக்கின் பட்டியலிலிருந்து வந்தது.

ஏழையும் முயன்றால் செல்வரை முந்தலாம் என்ற ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. பர்டிக் சேர்த்த காலத்தில் அட்டைகள் குப்பைக் கட்டத்தில் இருந்தன. அதனால்தான் அவரால் முடிந்தது. அத்துடன் அவர் பெயரிட்டு வகைப்படுத்தினார். பட்டியல் எழுதியவரின் மொழியில்தான் பிறகு வந்த எல்லாப் பணக்காரர்களும் பேச வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நில்லாமல் துண்டறிக்கை, அழைப்பிதழ் என்று மற்றவர்கள் வீசியெறிந்தவற்றையும் சேர்த்தார். அவை இன்று சென்னையில் அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நூலகத்தில் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. விளையாட்டுக்கு அப்படி ஒரு தொகுப்பு நம்மிடம் உருவாகவில்லை.

எதிர்வாதம் ஒன்றைச் சந்தித்தாக வேண்டும். பட்டியல் வந்தால் விலை வரும். விலை வந்தால் நகரத்து வியாபாரி வந்து பரண்களைக் காலி செய்துவிட மாட்டாரா? நடக்கக்கூடியதுதான். ஆனால் பட்டியல் இல்லாத நிலையில் அதே பரண் கிலோக் கணக்கில் எடைக்குப் போகிறது. பெயர் இல்லாமல் அழிவதைவிடப் பெயரோடு கைமாறுவது மேல் என்பது என் முடிவு; படமும் குறிப்பும் ஊரிலேயே தங்கினால் இழப்பு பாதியாகும். அனுமதியற்ற அச்சு என்பதால் இவை ஆவணத் தகுதியற்றவை என்ற கருத்தையும் ஏற்க இயலாது. வீரர் பெயரையும் புள்ளிவிவரத்தையும் பயன்படுத்துவது யாருக்கு உரியது என்ற வழக்கு எண்ம அட்டைகள் வரை வந்து, 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை மறுத்தது. உரிமை பற்றிய கேள்வி வேறு. வரலாற்றுச் சான்று பற்றிய கேள்வி வேறு.

8. அட்டைகளில் இல்லாத விளையாட்டு

அட்டை என்பது கம்பெனி விற்க நினைத்தவரின் படம். 1896 சிகரெட் அட்டை வரிசையில் இடம்பிடித்த இந்தியர் இளவரசர் எனப்பட்ட ரஞ்சித்சிங்ஜி. பபுள்கம் அட்டையில் வந்தவர்கள் தேசிய அணியினர். தருமபுரி, சேலம் மாவட்டங்களின் சிற்றூர்கள் ஆடிய கபடியும் கைப்பந்தும் அவற்றில் வரவில்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகும் வரை, பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வெல்லும் வரை, இந்த மண்ணின் விளையாட்டைப் படம்போட்டு விற்க யாரும் நினைத்ததில்லை.

அந்த ஆட்டத்துக்கும் தாள் உண்டு; அதற்குப் பெயர் நோட்டீஸ். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் நடக்கும் கபடி, கைப்பந்துப் போட்டிகளுக்கு ஒற்றை வண்ணத்தில், மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புத் தாளில் அடித்தது. மேலே சாமி துணை, நடுவில் அணியின் பெயர், முதல் பரிசு இன்னார் நினைவாக இன்னார், சுழற்கோப்பை இன்னார், நுழைவுக் கட்டணம் இவ்வளவு, நடுவர் தீர்ப்பே இறுதியானது. ஆண்டும் தேதியும் போட்டிருக்கும். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும். ட்ரம்ப் கார்டு மறைக்கும் எல்லா விவரத்தையும் இந்த மலிவுத் தாள் தானாகவே சொல்லிவிடுகிறது. யார் புரவலர், எந்தத் தெரு எந்த அணியை நடத்தியது, பரிசுத் தொகை ஆண்டுக்காண்டு எப்படி ஏறியது, எந்த ஊர் அணி எவ்வளவு தூரம் வந்து ஆடியது என்பதையெல்லாம் இவற்றை வரிசையாக அடுக்கிப் படிக்கலாம்.

இதற்குச் சந்தை விலை சுழியம். உலகத்தின் எந்தப் பணக்காரச் சேகரிப்பாளரும் இதற்குப் போட்டிக்கு வரமாட்டார். ஆனால் தாள் நோட்டீஸின் இடத்தை ஃப்ளெக்ஸ் பேனர் பிடித்தது. இப்போது அந்த இடம் வாட்ஸ்அப் படத்துக்கு. கைபேசி மாறும்போது படம் போய்விடும். பேனர் வைக்கோல் போர் மேல் கூரையாகிவிடும். பழைய நோட்டீஸ்கள் இன்னும் இரண்டு இடங்களில் இருக்க வாய்ப்புண்டு: அன்றைய அணித் தலைவர்களின் டிரங்குப் பெட்டிகளிலும், அரூர், தருமபுரி அச்சகங்கள் மாதிரிக்காகக் கட்டிவைத்த பிரதிகளிலும். அச்சகங்கள் ஈய எழுத்தைக் கைவிட்டு இடம் மாறும்போது முதலில் எடைக்குப் போவது அந்த மாதிரிக் கட்டுகளே. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒருவர் சேகரிக்கத் தொடங்குவதென்றால், வெளிநாட்டு ஏலத்துக்குக் கணக்குத் திறக்கும் முன் அந்த அச்சகங்களுக்கு ஒருமுறை போய்க் கேட்பது நல்லது.